அணியில் இடம் பெறாதவர்கள்

'தூர் த பிரான்ஸ்' மிதிவண்டிப் பந்தயம் பெரும்பாலும் சூலைத் திங்களில் நடைபெறுவது. அதே சூலையின் 14ஆம் நாளில்தான் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச் சின்னம் விளக்கொளியில் நிற்கும். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்டது அது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணும் வழக்கம் நம்மிடம் இல்லை. சேர்த்து எண்ணினால் ஒரு வினா எழுகிறது: 'பிரான்ஸ் அணி' என்னும்போது, பிரான்ஸ் ஆண்ட மக்களுக்கு அதில் என்ன இடம்?

'லோத்தோ' என்ற நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்க 1903இல் தொடங்கிய பந்தயம் இது. முதலாண்டில் 6 கட்டங்கள். தொலைவு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். இதழாசிரியர் ஆன்ரி தெகிரான்ஜின் கொள்கை கடுமையானது: வீரன் தன்னந்தனியாக ஓட்ட வேண்டும், எவர் உதவியும் கூடாது. 1913இல் எழேன் கிறிஸ்தோஃப் என்பவரின் வண்டி மலைப்பாதையில் முறிந்தது. அதைத் தோளில் சுமந்து இறங்கி, ஒரு கொல்லன் பட்டறையில் தாமே இரும்பைக் காய்ச்சிச் செப்பனிட்டார் அவர். துருத்தி ஊத ஒரு சிறுவன் துணை நின்றான் என்பதற்காக அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆனால் மிதிவண்டிக் குழுமங்கள் தத்தம் வீரர்களை அணிகளாகவே இயக்கின. 1929இல் பெல்ஜிய வீரர் மொரீஸ் த வேல் நோயுற்ற நிலையிலும், அல்சியோன் குழும அணித் தோழர்களின் துணையால் வெற்றி பெற்றார். சினமுற்ற தெகிரான்ஜ், மறு ஆண்டே விதிகளை மாற்றினார். 1930 முதல் குழுமங்களின் பெயர்கள் இல்லை; நாடுகளின் பெயர்களே அணிகளின் பெயர்கள். பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி என 5 அணிகள், அணிக்கு எண்மர். அனைவருக்கும் ஒரே மஞ்சள் நிற வண்டி. வீரர்களின் செலவு இதழின் தலையில் விழவே, அதை ஈடுகட்ட விளம்பர வண்டிகளின் ஊர்வலம் பந்தயத்துக்கு முன்னே செல்லத் தொடங்கியது. அணி சாராத 60 பேர் தம் சொந்தப் பொறுப்பில் ஓட்டினர்.

அவ்வாண்டின் 16ஆம் கட்டத்தில், முன்னிலையிலிருந்த பிரெஞ்சு வீரர் ஆந்திரே லெதுக் கலிபியே மலையிறக்கத்தில் விழுந்தார். பின்னர் பெடலும் உடைந்தது. சாலையோரம் அமர்ந்து அழுதவரைத் தேற்றி எழுப்பிய தோழர்கள், அவருக்கு முன்னே காற்றை எதிர்த்து ஓட்டி, இத்தாலியரை எட்டிப்பிடிக்கச் செய்தனர். அன்றைய கட்டத்தை வென்றவரும் லெதுக். அவ்வாண்டுப் பந்தயத்தை வென்றவரும் அவரே. தனியொருவனின் வலிமையைப் போற்ற எழுந்த பந்தயம் அன்று நாட்டின் கூட்டு வலிமையைக் கொண்டாடியது.

அந்த 'நாடு' எதுவரை நீண்டது? அப்போது புதுச்சேரியும் பிரான்சின் ஆட்சிப் பகுதியே. போர்க்களத்தில் குடியேற்ற நாட்டார் பிரான்சின் அணியில் இருந்தனர் என்பதற்கு நம் கடற்கரை நினைவுச் சின்னமே சான்று. பந்தயத்திலோ, 1913இலேயே துனிசியாவின் அலி நெஃபாத்தி தனியராகக் கலந்துகொண்டிருந்தும், வட ஆப்பிரிக்கர் ஓர் அணியாகக் களமிறங்கிக் கவனம் பெற்றது 1950இல்தான். அதுவும் பிரான்ஸ் அணியாக அன்று. 'வட ஆப்பிரிக்கா' என்ற தனி அணியாக.

அவ்வாண்டு பெர்ப்பிஞானிலிருந்து நீம் நகர் வரையிலான 13ஆம் கட்டத்தில், அவ்வணியின் அப்துல் காதர் சாஃப், மார்செல் மொலினே ஆகிய இருவரும் கடும் வெயிலில் மற்றவரை வெகுதொலைவு பின்தள்ளி முன்னேறினர். மொலினே வென்றார். சாஃப் வழியில் மயங்கிச் சாய்ந்து, தெளிந்தெழுந்து, வந்த திசையிலேயே வண்டியைத் திருப்பினார். அவர் மது அருந்தினார் என்றொரு கதை. மயக்கம் தெளிவிக்க மதுவை அவர்மேல் ஊற்றினர் என்று மற்றொரு கதை. அல்ஜீரியாவில் பிறந்த மொலினேயின் வெற்றியை இன்று நினைப்பவர் சிலர். சாஃபின் தடுமாற்றமோ வேடிக்கைக் கதையாகப் பலரும் அறிந்தது. ஆளப்பட்டோரின் அணி வரலாற்றில் எவ்வாறு நினைவுகூரப்படுகிறது என்பதற்கு இது ஒரு சான்று எனலாம்.

பின்னர் அணிகள் மாறின. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. அது சட்டப்படி முழுமையுற்றது 1962 ஆகஸ்டு 16இல். அதே 1962 சூலையில், பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே, அல்ஜீரியா விடுதலை பெற்றது. நாட்டு அணிகளைக் கைவிட்டுப் பந்தயம் மீண்டும் வணிக அணிகளுக்குத் திரும்பியதும் அவ்வாண்டில்தான். இம்மூன்றுக்கும் காரண காரியத் தொடர்பு ஏதுமில்லை. ஒரே ஆண்டில் நிகழ்ந்தன, அவ்வளவே. எனினும் அடுத்த சூலை 14 அன்று நினைவுச் சின்னத்தில் விளக்கேற்றப்படும்போது, பிரான்ஸ் யாரைத் தன் அணியில் எண்ணியது, எதற்காக எண்ணியது என்று கேட்டுப் பார்க்கலாம்.