விலை வரைபும் வரலாறும்: கொழும்புப் பங்குச் சந்தை பற்றியதொரு நோக்கு

கொழும்பு மாநகரின் வணிக வரலாற்றிலே 1896ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கதொன்றாகும். பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்குகளை வாங்கி விற்கும் பொருட்டுக் கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் தோற்றம் பெற்றது அவ்வாண்டிலேயே. அதே ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கப் பத்திரிகையாளரான சார்ள்ஸ் டவ் பன்னிரண்டு கம்பனிகளின் விலைகளைக் கொண்டு தமது கைத்தொழிற் சுட்டெண்ணை வெளியிட்டார். இவை ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. எனினும், இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இணையவழி வகுப்புகளிற் சேர்ந்து குறுங்கால வர்த்தகமும் வரைபு வாசிப்பும் பயில்வோர் இவ்விரண்டிற்கும் வாரிசுகளாவர். அவர்கள் பயிலும் கலை எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்பதை வரலாறு கொண்டு நோக்குதல் பயனுடையது.

வரைபு வாசிப்பின் வேர்கள் யப்பானிய அரிசிச் சந்தையிற் காணப்படுகின்றன. ஓசாக்காவின் டோஜிமா அரிசிச் சந்தை 1730இல் அரச அங்கீகாரம் பெற்றது. ஹொம்மா முனெஹிசா என்னும் அரிசி வணிகரே மெழுகுவர்த்தி வரைபின் முன்னோடி என்பது மரபுவழிச் செய்தி. ஒரு நாளின் தொடக்க விலை, முடிவு விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை ஆகிய நான்கையும் ஒரே உருவில் அடக்குவது இவ்வரைபின் சிறப்பு. 1991இல் ஸ்டீவ் நிசன் எழுதிய நூலின் வாயிலாக இது மேலைநாடுகளிற் பரவிற்று. அறியத்தக்கன யாவும் விலையிலேயே அடங்கியுள்ளன. விலையின் பழைய கோலங்கள் மீண்டும் தோன்றும் என்பனவே இக்கலையின் அடிப்படை நம்பிக்கைகள்.

இலங்கையின் அனுபவம் இந்நம்பிக்கைகளைப் பலமுறை சோதித்துள்ளது. 1869இல் கோப்பிச் செடியிற் காணப்பட்ட இலைநோய் படிப்படியாகப் பரவி ஒரு பொருளாதாரத்தையே சாய்த்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. அதற்கு வேண்டிய முதலைத் திரட்டவே பங்குத் தரகு வளர்ந்தது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் பொதுக் கம்பனிகளின் தோட்டங்களைத் தொடாது விட்டது. மூன்று ஆண்டுகளின் பின்னர், 1975இன் திருத்தச் சட்டம் அவற்றையும் அரசுடைமையாக்கிற்று. எந்த விலைக் கோலமும் இத்தகைய சட்டத்தை முன்னறிவித்திருக்க இயலாது.

1977இன் பின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1985இல் பங்குப் பரிவர்த்தனை நிலையம் கம்பனியாகப் பதிவுபெற்றது. 1997இல் வர்த்தகம் கணினித் திரைக்கு மாறிற்று. 2020இல் கைத்தொலைபேசி வழியாகவே கணக்கைத் திறக்கும் வசதியும் வந்தது. தரகரின் அலுவலகப் படியேறாமலே எவரும் வர்த்தகராகலாம் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

ஆனால், வாயில் அகன்றதனால் இடர் குறையவில்லை. 2022இன் தொடக்கத்தில் 13,000 புள்ளிகளைக் கடந்த அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், ஏப்பிரல் இறுதியில் 8,000க்குக் கீழ் இறங்கிற்று. அம்மாதம் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை அரசு இடைநிறுத்தியது. 18ஆந் திகதி முதல் ஐந்து நாட்கள் சந்தையே மூடப்பட்டது. வீழ்ச்சியைக் கண்டவுடன் விற்று வெளியேறுக என்பது குறுங்கால வர்த்தகரின் முதற் பாடம். சந்தையே மூடியிருக்கையில் அப்பாடத்தை எங்ஙனம் நிறைவேற்றுவது? கடன்பட்டுப் பங்கு வாங்கியவருக்கு அந்நாட்களிலும் வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும்.

அமைதியான காலங்களிலும் அடிக்கடி வாங்கி விற்பது ஆதாயம் தருவதில்லை. அமெரிக்காவில் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளைப் பார்பர், ஓடீன் என்னும் அறிஞர் இருவர் ஆராய்ந்தனர். சந்தை ஆண்டொன்றுக்கு 17.9 வீதம் ஈட்டிய அக்காலத்தில், மிக அதிகமாக வர்த்தகம் செய்தோர் 11.4 வீதமே பெற்றனர். தரகுக் கட்டணமும் மிகைநம்பிக்கையும் மீதியை உண்டன. கொழும்பிலோ பல பங்குகள் சில நாட்களில் மிகச் சிறிதளவே கைமாறுகின்றன. ஒருவரது பெருந்தொகைக் கொள்வனவே அன்றைய கோலத்தை மாற்றிவிடக்கூடும். பலரின் மனப்போக்கைக் காட்டுவதாகக் கருதப்படும் கோடு, அங்கே ஒருவரின் கையொப்பமாகவே அமைந்துவிடுகிறது.

எனவே வரைபு வாசிப்பைக் கற்கவே கூடாது என்பதன்று. நடந்து முடிந்ததன் சுருக்கக் குறிப்பாக அது பயன்படும். ஆயின் கம்பனியின் ஆண்டறிக்கை, நாட்டின் கடன்நிலை, சட்டவாக்கம் ஆகியவற்றையும் வாசிக்கப் பழகாதவர் தம் குடும்பச் சேமிப்பைக் கோடுகளிடம் மட்டும் ஒப்படைப்பவராவர். இலைநோயும் காணிச் சட்டமும் கடன் நெருக்கடியும் வரைபில் விழுந்தன. ஆனால் அவை விழுந்த பின்னரே வரைபு அவற்றைக் காட்டிற்று.