வெள்ளெழுத்துக்கு ஆபரேஷன் உண்டா? ஒரு சின்ன வரலாறு



மேல்பட்டாம்பாக்கத்தில் எங்கள் அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். வயது 46. இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவார். போன மாதம் ஒரு கேள்வி கேட்டார்: "ஆயாவுக்குப் புரை ஆபரேஷன் பண்ணாங்களே, அது மாதிரி எனக்கும் ஒண்ணு பண்ணிட்டா கண்ணாடி இல்லாம தைக்கலாமில்ல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தால் ஒரு பெரிய கதையே கிடைத்தது.

முதலில் பெயர். கிட்டத்தில் எழுத்து வெளுத்துத் தெரிவதால் வெள்ளெழுத்து. இதற்கே சாளேசுரம் என்றும் ஒரு பெயர் உண்டு. இந்தியில் 'சாலீஸ்' என்றால் நாற்பது. நாற்பதில் வருவதால் அந்தப் பெயர். (பெயரிலேயே வயது இருக்கிறது பாருங்கள்!)

சரி, ஏன் வருகிறது? கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் தசை சுருங்கும், லென்ஸ் உப்பிக்கொள்ளும். இதை 1855-ல் விளக்கியவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். வயது ஏற ஏற லென்ஸ் இறுகிவிடுகிறது. பிறகு தசை சுருங்கினாலும் அது உப்புவதில்லை. இறுகிய லென்ஸை மறுபடி இளக்கித் தரும் ஆபரேஷன் இன்றும் நடைமுறையில் இல்லை. இருப்பவை எல்லாம் சுற்று வழிகள்தான்.

முதல் வழி, லென்ஸையே மாற்றுவது. இரண்டாம் உலகப் போரில் விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் துகள்கள் சில விமானிகளின் கண்ணுக்குள் போய்விட்டன. அவை கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைக் கவனித்தார் ஹெரால்டு ரிட்லி. 1949-ல் லண்டனில் கண்புரை நோயாளி ஒருவருக்குப் பிளாஸ்டிக் லென்ஸ் பொருத்தினார். நம் ஊர் ஏழைகளுக்கு அது எட்டாத விலையில் இருந்தது. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைதான் இதை மாற்றியது. 1992-ல் ஆரோலேப் என்ற பிரிவைத் தொடங்கி, லென்ஸை மதுரையிலேயே மலிவாகச் செய்தார்கள்.

ஆனால் சாதாரண செயற்கை லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான் சரியாக இருக்கும். பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் எங்கள் ஆயா காலண்டர் படிக்கக் கண்ணாடி கேட்டது இதனால்தான். நாங்கள் ஆபரேஷன் பலிக்கவில்லை என்று நினைத்துவிட்டோம்!

தூரம், கிட்டம் இரண்டுக்கும் சேர்த்து வெளிச்சத்தைப் பிரிக்கும் லென்ஸுக்கு அமெரிக்கா 1997-ல் அனுமதி தந்தது. இதில் கண்ணாடியின் தேவை குறையும். ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியலாம். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைப்பது இன்னொரு முறை. அதில் ஆழம் கணிப்பது கொஞ்சம் குறையும்.

இரண்டாவது வழி, கருவிழியில் கை வைப்பது. ரேடியோ அலைச் சூட்டால் கருவிழியை வளைக்கும் முறைக்கு 2004-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆனால் நாளாக ஆக அதன் பலன் தேய்ந்தது. 2015-ல் நடுவில் ஓட்டை உள்ள 'காம்ரா' என்ற வட்டு வந்தது. 2016-ல் 'ரெயின்டிராப்' என்ற சின்ன ஜெல் வில்லை வந்தது. அதைப் பொருத்தியவர்களுக்குக் கருவிழி மங்குவதாக 2018-ல் அமெரிக்க அரசே எச்சரித்தது.

இந்த இடத்தில் சென்னை வருகிறது! கிட்டப்பார்வைக்குச் செய்யும் 'ஸ்மைல்' லேசர் ஆபரேஷனில் கருவிழியிலிருந்து ஒரு மெல்லிய வில்லையை எடுப்பார்கள். வழக்கமாக அது குப்பைக்குத்தான் போகும். டாக்டர் அகர்வால் கண் மருத்துவமனையின் டாக்டர் சூசன் ஜேக்கப், அதில் சுமார் 1 மி.மீ. துண்டை வெட்டி, வெள்ளெழுத்து உள்ளவரின் ஒரு கருவிழிக்குள் வைத்தார். இந்த முறைக்குப் பெயர் 'பேர்ல்', அதாவது முத்து. 2017-ல் ஆய்விதழில் வெளிவந்தது. மனிதத் திசு என்பதால் ஆக்சிஜனும் சத்தும் தடையின்றிப் போகும் என்பது இதன் பலம். ஆனாலும் எல்லா இடத்திலும் செய்யும் சிகிச்சையாக இது இன்னும் பரவவில்லை.

மொத்தத்தில், ஒன்றைப் பெற இன்னொன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் சாதாரணக் கண்ணாடி? 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அசாமில் 40 வயது தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களில் ஒரு பிரிவினருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களது உற்பத்தி 21.7% கூடியது. அதுவும் எந்தக் கத்தியும் இல்லாமல்!

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். புரை இல்லாத கண், நுணுக்கமான தையல் வேலை, இரவிலும் தைக்க வேண்டும். இப்போதைக்குக் கண்ணாடிதான் என்று முடிவாயிற்று. புரை வரும் காலத்தில் எந்த லென்ஸ் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலும் யாராவது பேப்பரைக் கை நீட்டிப் படித்தால் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நாற்பதுக்கு மேல் சத்தமில்லாமல் வரும் கண்ணழுத்த நோயும் அப்போதே தெரிந்துவிடும்.