தமிழ் பேசிய அனிமே: சென்னையில் சப்பானிய அசைவூட்டத் தொடர்களின் வரலாறு

அனிமே என்பது சப்பானில் உருவாகும் அசைவூட்டத் திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் குறிக்கும் சொல். 'அனிமேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லைச் சப்பானியர் சுருக்கி வழங்கியதால் இப்பெயர் வந்தது. 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அனிமே இரசிகர்கள் அதிகம் பேசிய படைப்புகளில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, 'சோலோ லெவலிங்' தொடரின் இரண்டாம் பருவம். மற்றொன்று, 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' திரைப்படம். இரண்டையும் தமிழிலேயே பார்க்க முடிந்தது.

இன்றைய மாணவருக்கு இதில் வியப்பு ஏதும் இருக்காது. ஆனால் முதல் சப்பானியத் தொடர்கள் சென்னை வீடுகளுக்கு வந்தபோது அவை தமிழ் பேசவில்லை. தமிழ்நாட்டில் எந்தத் தொடர் எவருக்கு விருப்பமானது என்பதை, கதையைப் போலவே அது எந்த மொழியில் வந்தது என்பதும் முடிவு செய்தது. சென்னையை மையமாகக் கொண்டு அந்த முப்பதாண்டு வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சிக்கனத்தில் பிறந்த கலை

சப்பானில் 1963 சனவரி 1 அன்று ஒசாமு தெசூகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. வாரந்தோறும் அரை மணி நேரத் தொடரைக் குறைந்த செலவில் தர வேண்டியிருந்ததால், தெசூகாவின் குழு படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி வைத்தால் ஒரு நொடிக்கு 8 ஓவியங்கள் போதும். பாத்திரம் பேசும்போது முகம் அசையாமல் நிற்கும், வாய் மட்டும் திறந்து மூடும். அந்த வாய்க்கும் ஒரு சில வடிவங்களே வரையப்பட்டன.

இந்தச் சிக்கனத்தால் எதிர்பாராத ஒரு நன்மை விளைந்தது. உயிருள்ள நடிகரின் உதட்டசைவுக்கு வேறொரு மொழியின் சொற்களைப் பொருத்துவது கடினம். வெறுமனே திறந்து மூடும் ஓவிய வாய்க்கு எந்த மொழியும் ஓரளவு பொருந்திவிடும். அனிமே உலகெங்கும் பல மொழிகளில் எளிதாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னையின் மொழிமாற்று மரபு

மொழிமாற்றுக் கலை சென்னைக்குப் புதியதன்று. ஏ. வி. மெய்யப்பன் 1943-இல் கன்னடத்தில் வெளிவந்த 'அரிச்சந்திரா' படத்துக்குத் தமிழில் குரல் சேர்த்து 1944-இல் வெளியிட்டார். இந்தியாவின் முதல் மொழிமாற்றுத் திரைப்படம் என்று இது குறிப்பிடப்படுகிறது. பின்னர் கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் ஒலிப்பதிவுக் கூடங்கள் பெருகின. உரையாடலை எழுதுபவர், ஒலிப்பதிவாளர், பின்னணிக் குரல் கலைஞர் எனத் தனித்தனித் தொழில்கள் உருவாயின. பல பத்தாண்டுகள் கழித்து வந்த அயல்நாட்டுக் குழந்தைத் தொடர்களைத் தமிழாக்குவதற்கு வேண்டிய அனுபவம் இந்த நகரத்தில் ஏற்கெனவே இருந்தது.

சிறுவர் பாத்திரங்களுக்குப் பெரும்பாலும் பெண் கலைஞர்கள் குரல் கொடுப்பது இத்துறையின் வழக்கம். சப்பானிலும் அப்படித்தான். 'டிராகன் பால்' தொடரின் கோகுவுக்கு மசாகோ நொசாவாவும், 'நருட்டோ' தொடரின் நாயகனுக்கு ஜுன்கோ தக்கேயுச்சியும் குரல் தந்தனர். சிறுவனின் குரல் வளர வளர உடைந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடரில் பாத்திரத்தின் குரல் மாறாதிருக்க இந்த ஏற்பாடு உதவுகிறது.

சப்பானியர் வரைந்த இராமாயணம்

இந்தியாவையும் அனிமேயையும் நேரடியாக இணைத்த முதல் பெரும் முயற்சி 'இராமாயணம்: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. சப்பானியத் திரைப்படக்காரர் யூகோ சாகோ, தொல்லியலாளர் பி. பி. லாலின் அகழாய்வு பற்றிய ஆவணப்படத்துக்காக 1983-இல் இந்தியாவுக்கு வந்தார். அப்போது இராமாயணக் கதையில் ஈடுபாடு கொண்டு அதை அசைவூட்டப் படமாக்க விரும்பினார். கடவுளைக் கேலிச்சித்திரமாக்கப் போகிறார்கள் என்ற அச்சத்தால் இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. அரசின் ஒத்துழைப்பும் கிடைக்கவில்லை. எனவே படம் சப்பானிலேயே உருவானது. சாகோவுடன் கோயிச்சி சசாகியும், இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியான ராம் மோகனும் இணைந்து இயக்கினர். வன்ராஜ் பாட்டியா இசையமைத்தார்.

1993-இல் இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட இப்படம், அக்காலத்தில் திரையரங்குகளில் பரவலாக வெளியாகவில்லை. பிற்காலத்தில் தொலைக்காட்சி மூலமே பலரைச் சென்றடைந்தது. சாகோ 2012-இலும் ராம் மோகன் 2019-இலும் மறைந்தனர். படம் புதுப்பிக்கப்பட்டு, 2025 சனவரி 24 அன்று ஆங்கிலம், இந்தியுடன் தமிழ், தெலுங்கு ஒலித்தடங்களோடும் திரையரங்குகளுக்கு வந்தது. தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்கு நன்கு தெரிந்த கதையைச் சப்பானிய ஓவியத்தில் தமிழ் உரையாடலுடன் திரையரங்கில் பார்க்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தி பேசிய மௌக்லி

தொலைக்காட்சியில் அனிமே 1990-களின் தொடக்கத்தில் நாடெங்கும் பரவியது. நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989-இல் தொடங்கித் தயாரித்த 'ஜங்கிள் புக்' தொடர் 52 பகுதிகள் கொண்டது. இதைத் தூர்தர்சன் 1993-இல் இந்தியில் ஒளிபரப்பியது. குல்சார் எழுதி விசால் பரத்வாஜ் இசையமைத்த தொடக்கப் பாடல் புகழ்பெற்றது. சேர்கானுக்கு நானா படேகர் குரல் கொடுத்தார்.

சென்னைப் பிள்ளைகளும் ஞாயிறு காலையில் இத்தொடரைப் பார்த்தனர். மௌக்லி இந்தியக் காட்டில் வளர்ந்தவன். அவன் கதையை எழுதியவர் ஆங்கிலேயரான கிப்ளிங், வரைந்தவர்கள் சப்பானியர், பேசிய மொழி இந்தி. உரையாடல் புரியாமலே படத்தைக் கொண்டு கதையை ஊகித்துக்கொண்ட தமிழ்ப் பிள்ளைகள் பலர். இது சப்பானில் உருவானது என்பதும் அன்று பெரும்பாலோருக்குத் தெரியாது.

செயற்கைக்கோள் அலைவரிசைகள்

1995-இல் இந்தியாவுக்கு வந்த கார்ட்டூன் நெட்வொர்க் முதலில் ஆங்கிலத்திலும், பின்னர் இந்தி, தமிழ் ஒலித்தடங்களுடனும் ஒளிபரப்பியது. 'போக்கிமான்', 'டிராகன் பால் சீ', 'பேபிளேடு' முதலியவை இக்காலத்தில் பிள்ளைகளிடம் பரவின. பேபிளேடு சப்பானின் பழைய 'பேகோமா' பம்பரத்திலிருந்து தோன்றிய விளையாட்டு. சாட்டைக் கயிற்றால் பம்பரம் விட்டுப் பழகிய தெருக்களில் நெகிழிப் பேபிளேடு உடனே ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. தியாகராய நகர், மயிலாப்பூர் கடைத்தெருக்களில் புத்தகப் பையும் பென்சில் பெட்டியும் இந்தப் பாத்திரங்களின் முகத்தோடு விற்பனைக்கு வந்தன.

2004-இல் இந்தியாவில் தொடங்கிய அனிமாக்ஸ், அனிமேக்கென்றே அமைந்த அலைவரிசை. ஆனால் அதன் நிகழ்ச்சிகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலம் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கே அது எளிதில் எட்டியது. இதனால் ஒரே தெருவில் இருவகை இரசிகர்கள் உருவாயினர். ஆங்கிலத்தில் பார்த்துப் பாத்திரப் பெயர்களையும் இயக்குநர்களையும் அறிந்தவர் ஒரு சாரார். தமிழில் கேட்டுப் பாத்திரங்களை நண்பர்களாக்கிக் கொண்டவர் மற்றொரு சாரார்.

இரண்டாம் சாராரை வளர்த்தவை 'டோரேமான்', 'சின்சான்' ஆகிய தொடர்கள். சின்சான் 2006-இல் அங்காமா தொலைக்காட்சி வழியே இந்தியாவுக்கு வந்தது. பெற்றோரை எதிர்த்துப் பேசும் அந்த ஐந்து வயதுச் சிறுவனைப் பிள்ளைகள் பார்த்துப் பழகுவதைப் பல பெற்றோரும் ஆசிரியரும் விரும்பவில்லை. எதிர்ப்பின் காரணமாகத் தொடர் சிறிது காலம் நிறுத்தப்பட்டு, வெட்டுகளுடன் திரும்பியது. யொசித்தோ உசூயி 1990-இல் இக்கதையை வரையத் தொடங்கியது வயது வந்தோருக்கான இதழில். சோர்ந்துபோன நடுத்தரக் குடும்பத்தைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிக்க எழுதிய கதை, இங்கே குழந்தைகள் நிகழ்ச்சியானதே அந்தச் சிக்கலின் வேர்.

2007 ஏப்ரலில் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. இது நாள் முழுவதும் தமிழில் ஒளிபரப்பான குழந்தைகள் அலைவரிசை. இக்குழுமத்தின் தலைமையகம் இன்று அடையாற்றை அடுத்த எம்.ஆர்.சி. நகரில் உள்ளது. சுட்டி டிவியில் பெரும்புகழ் பெற்ற 'ஜாக்கி சான்' தொடர் அமெரிக்கத் தயாரிப்பு, அனிமே அன்று. எனினும் சென்னைப் பேச்சுவழக்கும் உள்ளூர் நகைச்சுவையும் கலந்த அதன் தமிழ் உரையாடல், அயல்நாட்டு அசைவூட்டத்தைத் தமிழில் சுவையாகத் தர முடியும் என்று காட்டியது. அன்று அதைக் கேட்டு வளர்ந்தவர்களே இன்றைய அனிமே இரசிகர்களில் பெரும் பகுதியினர்.

அண்ணனும் தங்கையும்

தமிழும் சப்பானியமும் வேறு வேறு மொழிக்குடும்பங்களாகக் கருதப்படுபவை. ஆயினும் சில ஒற்றுமைகள் மொழிமாற்றத்துக்குத் துணை செய்கின்றன. இரண்டிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். ஒரு பாத்திரம் தயங்கித் தயங்கிப் பேசி, கடைசிச் சொல்லில் உண்மையை உடைக்கும் காட்சியைத் தமிழில் அதே வரிசையில் அமைக்கலாம். ஆங்கிலத்தில் வினை முன்னரே வந்து காட்டிக் கொடுத்துவிடும்.

உறவுப்பெயர்களில் இந்த நெருக்கம் இன்னும் தெளிவு. சப்பானியத்தில் அண்ணன் 'அனி', தம்பி 'ஒட்டோட்டோ', அக்காள் 'அனெ', தங்கை 'இமோட்டோ'. தமிழைப் போலவே மூத்தவரும் இளையவரும் தனிச்சொல்லால் குறிக்கப்படுகின்றனர். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. எனவே ஆங்கில உரையை வைத்துக்கொண்டு தமிழாக்குபவருக்கு, இவர் அண்ணனா தம்பியா என்ற ஐயம் எழும். மூலத்தைப் பார்ப்பவருக்கு எழாது. 'நீ', 'நீங்கள்' என்ற மரியாதை வேறுபாடும் இவ்வாறே. குருவிடம் ஒருவகையாகவும் பகைவனிடம் வேறுவகையாகவும் பேசும் சப்பானிய வழக்குக்குத் தமிழில் நேரான வழி உண்டு.

கோயோகாரு கோத்தோகே எழுதி வரைந்த 'டீமன் ஸ்லேயர்' கதை இதற்கு நல்ல சான்று. கரி விற்கும் குடும்பத்தின் மூத்த மகன் தஞ்சிரோ. குடும்பம் அழிந்தபின், அரக்கியாக மாறிவிட்ட தங்கை நெசுக்கோவை மீட்பதற்காக அவன் வாளேந்துகிறான். 1961-இல் வெளிவந்த 'பாசமலர்' படத்தைத் தலைமுறை கடந்து நினைவில் வைத்திருக்கும் தமிழருக்கு அண்ணன் தங்கைப் பாசம் விளக்கம் தேவைப்படாத கரு. தஞ்சிரோவைத் தங்கை 'அண்ணா' என்று அழைக்கும்போது அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பொறுப்பு முழுவதும் தமிழ்க் காதுக்கு எட்டுகிறது.

திரையரங்கும் இணையமும்

2019-இல் மக்கோட்டோ சின்காயின் 'வெதரிங் வித் யூ' படத்தை இந்தியாவில் வெளியிட வேண்டி இரசிகர்கள் இணையத்தில் கையெழுத்துத் திரட்டினர். படம் அக்டோபரில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. அனிமேக்குப் பணம் கொடுத்துப் பார்க்க இளைஞர் கூட்டம் உண்டு என்பது இதனால் தெளிவானது. 2022-இல் சோனி யே அலைவரிசை 'நருட்டோ' தொடரைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கொண்டு வந்தது. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சென்னையின் முதல் காமிக் கான் விழா நடந்தது. அதில் அனிமே பாத்திரங்களைப் போல உடையணிந்து இளைஞர்கள் பங்கேற்றனர்.

அதே ஆண்டு தொடங்கிய 'சோலோ லெவலிங்', கிரஞ்சிரோல் இணையத்தளத்தில் தமிழ் ஒலித்தடமும் பெற்றது. கொரிய எழுத்தாளர் சுகோங்கின் கதையைச் சப்பானின் ஏ-1 பிக்சர்ஸ் தொடராக்கியது. வேட்டைக்காரர்களிலேயே மிக வலுக்குறைந்தவன் என்று இகழப்பட்ட இளைஞன் ஒருவன் படிப்படியாக உயரும் கதை இது. இரண்டாம் பருவம் 2025 சனவரி முதல் மார்ச் வரை வெளியாயிற்று. முதல் பருவம் அவ்வாண்டு மே மாதம் தோக்கியோவில் நடந்த கிரஞ்சிரோல் விருது விழாவில் ஆண்டின் சிறந்த அனிமே விருதைப் பெற்றது.

2025 செப்டம்பர் 12 அன்று 'இன்ஃபினிட்டி காசில்' இந்தியத் திரையரங்குகளில் சப்பானியம், ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் வெளியானது. மூல மொழியில் பார்ப்பதா, தமிழில் பார்ப்பதா என்று இரசிகர்கள் விவாதிக்கும் நிலை வந்தது. மௌக்லியை இந்தியில் பார்த்த தலைமுறைக்கு அந்த விவாதத்துக்கே வாய்ப்பு இருக்கவில்லை.

பதிவு செய்யப்படாத குரல்கள்

சப்பானில் குரல் நடிகர்கள் 'செய்யூ' எனப்படுகின்றனர். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் அவர்கள் பெயர் வரும். அவர்களுக்கென்று விருதுகளும் இரசிகர் கூட்டமும் உண்டு. தமிழில் நிலைமை வேறு. தொலைக்காட்சியில் வந்த தமிழாக்கங்களில் எழுதியவர், குரல் கொடுத்தவர் பெயர்கள் பெரும்பாலும் காட்டப்படவில்லை. இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓடும் நேரத்தில் விளம்பரம் வந்துவிடும். 2000-களில் ஒளிபரப்பான பல தமிழ் ஒலித்தடங்கள் மறுபடி கிடைப்பதும் அரிது. எவரேனும் வீட்டில் பதிவு செய்து வைத்த துண்டுகளே எஞ்சியுள்ளன.

ஒரு தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து நாள்தோறும் கேட்ட தமிழ் இது. அவர்களுடைய கேலியும் கோபமும் வியப்பும் ஓரளவு இந்தக் குரல்களிலிருந்தே உருவாயின. தமிழ்த் திரைப்பாடல்களுக்கு ஆண்டு, படம், பாடகர், கவிஞர் என முறையான பட்டியல்கள் உள்ளன. மொழிமாற்றுத் தொடர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. தொடரின் பெயர், அலைவரிசை, ஆண்டு, உரையாடல் எழுதியவர், குரல் கலைஞர் என்ற ஐந்து செய்திகளைத் தொகுத்தாலே இவ்வரலாற்றின் பெரும் இடைவெளி நிரம்பும். அந்தக் கலைஞர்களில் பலர் இன்றும் சென்னையிலேயே பணியாற்றுகின்றனர். அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இப்போது இருக்கிறது.