தோற்ற முதல்வர்களும் வராத வாக்காளர்களும்

ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் என்றொரு கட்டடம் உண்டு. ஊருக்குப் புதிதாக வருபவர்களுக்கு அது இன்னுமொரு பொது மண்டபம், அவ்வளவே. முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்ததால் அமைந்தது அது என்று வகுப்பில் சொன்னால், மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. அடுத்து நான் சொல்லும் செய்தியை இன்னும் நம்புவதில்லை. அவர் பதவியில் இருந்தபடியே, இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று ஒரு சுயேச்சை வேட்பாளரிடம் தோற்றுப்போனார் என்பதே அச்செய்தி.

1949 ஏப்ரலில் அவர் பதவியேற்றபோது அப்பதவிக்கு மாகாணப் பிரதமர் என்று பெயர். குடியரசான பின் அது முதலமைச்சர் ஆயிற்று. 1952 தொடக்கத்தில் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் வந்தது. உணவுத் தட்டுப்பாடும் பங்கீட்டுக் கட்டுப்பாடுகளும் ஆளுங்கட்சியை வாட்டிய காலம். 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் காங்கிரஸ் 152 இடங்களையே பெற்றது. குமாரசுவாமி ராஜா மட்டுமல்ல, அமைச்சர் பக்தவத்சலம் உள்ளிட்டோரும் தோற்றனர். தேர்தலில் நில்லாத ராஜாஜி மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். குமாரசுவாமி ராஜா பின்னர் ஒரிசா ஆளுநராக இருந்து 1957இல் மறைந்தார்.

வாக்கு விழுக்காட்டை உயர்த்துவது எப்படி என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலிலும் எழுகிறது. 'மக்களுக்குப் பொறுப்பில்லை, விடுமுறை விட்டால் வீட்டில் படுத்துறங்குகிறார்கள், வாக்களிக்காதவர்க்குத் தண்டம் விதிக்க வேண்டும்' என்று படித்தவர்கள் பேசக் கேட்கிறோம். எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுத்தான். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்ற அந்த முதல்வர்தான். அவருடைய தோல்வியைப் பின்தொடர்ந்து சென்றால், வாக்காளர் எப்போது வருகிறார், எப்போது வராமற்போகிறார் என்பதற்கு வேறொரு விடை கிடைக்கிறது.

*

தேர்தல் வரலாறு என்றதும் குடவோலையிலிருந்து தொடங்குவது தமிழாசிரியர் மரபு. அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே குடத்திலிருந்து ஓலை எடுப்போர் உவமையாக வருகின்றனர். முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) முப்பது குடும்புகளிலிருந்து உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரிவாகச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிய அந்த விதிகளைப் படிக்கையில் இன்றும் பெருமிதம் உண்டாகும். ஆனால் அங்கே நடந்தது வாக்கெடுப்பன்று, திருவுளச்சீட்டு. பெயர் எழுதப்படுவதற்கே இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைக் கல்வியும் வேண்டும். யாருடைய பெயர் ஓலையில் ஏறவே ஏறாது என்பதையும் அதே கல்வெட்டுத்தான் நமக்குச் சொல்லாமல் சொல்கிறது.

அந்த வேலி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நின்றது. 1920இல் மாண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி நடந்த தேர்தலில், நான்கு கோடி மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் வாக்குரிமை பெற்றவர் ஏறத்தாழ 12½ லட்சம் பேர். சொத்தும் வரியுமே அளவுகோல். பெண்களுக்கு வாக்கில்லை, அது 1921இல்தான் மாகாணச் சட்டமன்றத் தீர்மானத்தால் வந்தது. அந்தச் சிறு கூட்டத்திலும் நான்கில் ஒருவரே வாக்களித்தனர். காங்கிரஸ் அத்தேர்தலைப் புறக்கணித்திருந்தது என்பதை மறக்கலாகாது. வராமையும் ஓர் அரசியல் சொல்லாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் தேர்தல் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

1937இல் வாக்குரிமை விரிந்தது. எழுத்தறியாதவரும் வாக்காளராயினர். அவர்களுக்காக வண்ணப் பெட்டிகள் வந்தன. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. 'மஞ்சள் பெட்டிக்கே ஓட்டு' என்ற முழக்கத்தை என் பாட்டனார் தலைமுறை முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தது. படிக்கத் தெரியாதவர் எப்படி வாக்களிப்பார் என்று கேட்டுக் கையைக் கட்டிக்கொள்ளாமல், படிக்காமலே வாக்களிக்க ஒரு வழி செய்தார்கள். பெட்டிக்கு நிறம் பூசியது சிறிய வேலைதான். ஆனால் அரசு வாக்காளரை நோக்கி எடுத்துவைத்த முதல் அடிகளுள் அதுவும் ஒன்று.

1951-52 தேர்தலில் அந்த அடி பெருநடையாயிற்று. வாக்காளர் 17 கோடிக்கு மேல். நாட்டின் எழுத்தறிவோ 18 விழுக்காடு. முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்தார். திரைக்குப் பின்னே சென்று விரும்பிய பெட்டியில் சீட்டைப் போடவேண்டியதுதான். பட்டியல் தயாரிக்கையில் வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதச் சொன்னார்கள். அவ்வாறு பெயரின்றிப் போன ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். கடுமையான முடிவுதான், ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அப்பெண்கள் தம் பெயரோடு பட்டியலில் ஏற அது வழிவகுத்தது. இத்தனைக்குப் பின்னும் நாடு முழுவதும் வாக்களித்தவர் நூற்றுக்குச் சுமார் 45 பேர்தான்.

தனிப்பெட்டி முறையில் ஒரு குறை இருந்தது. குறி எதுவும் இடாத சீட்டாகையால், அதைப் பெட்டியில் போடாமல் வெளியே கொண்டுபோகவும் வழியிருந்தது. 1962 பொதுத்தேர்தலில் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சிட்டு, முத்திரை குத்தும் முறை நிலைபெற்றது. விரலில் மைசூர் மையும் அந்தத் தேர்தலில் வந்ததுதான்.

*

இனி இதே மண்ணின் இரண்டாவது தோல்வி. 1967இல் விருதுநகரில் காமராசர் தோற்றார். ஒன்பதாண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்தவர். அப்போது அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். வென்றவர் மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன். வித்தியாசம் 1,285 வாக்குகள். அன்று ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகரும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன; 1985இல் பிரிந்த இன்றைய மாவட்டத்திலும் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. பதினைந்தாண்டு இடைவெளியில், ஒரே வட்டாரம் தன் இரு பெரும் பிள்ளைகளைத் தன் கையாலேயே தோற்கடித்திருக்கிறது.

அந்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் அகில இந்திய வாக்களிப்பு 61 விழுக்காடு. தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் அது 76 விழுக்காட்டைத் தாண்டியது. காரணம் ஒன்றல்ல. 1965 மொழிப்போரின் நினைவு, அரிசித் தட்டுப்பாடு, எதிர்க்கட்சிகளின் வலுவான கூட்டணி எல்லாம் சேர்ந்திருந்தன. யாரும் மக்களுக்குத் தண்டம் விதிக்கவில்லை. பொறுப்பில்லாதவர்கள் என்று வைது துண்டறிக்கை அடிக்கவில்லை. தங்கள் வாக்கு எதையோ மாற்றும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காமராசரே தோற்கக்கூடும் என்றால், ஒரு வாக்குக்கு எவ்வளவு எடை! தோற்றவர்களின் பெருமையைக் குறைத்து இதைச் சொல்லவில்லை. அவர்கள் தோற்கக் கூடியவர்களாக நின்றார்கள், தோல்வியை ஏற்றார்கள். வாக்காளரை மேலும் சாவடிக்கு அழைத்துவந்ததில் அதற்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

இதன் மறுபக்கமும் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1996இல் ஊராட்சித் தலைவர் பதவிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகியவற்றோடு விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடக்கவில்லை. வேட்புமனு தாக்கல் செய்ய ஆளில்லை, அல்லது வென்றவர் உடனே விலகினார். அது சோம்பலா? மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்ட காலம் அது. 2006இல்தான் நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. அச்சத்தை அகற்றாமல் வாக்கு விழுக்காட்டைப் பற்றிப் பேசுவது வீண் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

*

வாக்களிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்போர் ஆஸ்திரேலியாவைக் காட்டுவர். உண்மைதான். அங்கே 1922இல் அறுபதுக்கும் கீழிருந்த விழுக்காடு, 1924இல் சட்டம் வந்தபின் அடுத்த தேர்தலில் 91ஐத் தாண்டியது. ஆனால் அந்நாட்டில் தேர்தல் எப்போதும் சனிக்கிழமையில்தான். தம் மாநிலத்தில் எந்தச் சாவடியிலும் வாக்களிக்கலாம். முன்கூட்டியும் அஞ்சலிலும் வாக்களிக்க வழியுண்டு. குடிமகனைக் கட்டாயப்படுத்திய அரசு தன்னையும் கட்டாயப்படுத்திக்கொண்டது. நம் நாட்டில் குஜராத் உள்ளாட்சித் தேர்தலுக்கு இத்தகைய சட்டம் இயற்றி, வாக்களிக்காதவர்க்கு 100 ரூபாய் அபராதம் என்றது. 2015இல் உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

அந்த நூறு ரூபாயை யார் கட்டியிருப்பார்கள்? தேர்தல் பணியில் நான் கண்ட ஒரு காட்சி இதற்கு விடை சொல்லும். கல்லூரி ஆசிரியர்களுக்குச் சொந்தத் தொகுதியில் பணி தரமாட்டார்கள். ஒரு முறை கரிசல் கிராமமொன்றின் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். மதியத்திற்கு மேல் ஒரு மூதாட்டி வந்தார். முகவர்களில் ஒருவர் அவர் மகனைப் பற்றிக் கேட்டார்.

"திருப்பூர்ல இருக்கான்யா. வந்துட்டுப் போனா ரெண்டு நாள் கூலி போயிரும். அவன் ஓட்டையும் சேத்து நானே போட்டுறவா?" என்றார் அவர், என்னைப் பார்த்து.

எல்லோரும் சிரித்தோம். முடியாது என்று நான் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே மை வைக்க விரலை நீட்டினார். மாலையில் 17-ஏ பதிவேட்டை முடிக்கும்போது, வராதவர்களில் எத்தனை பேர் திருப்பூரிலோ கேரளத்திலோ இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். தேர்தல் நாளில் கூலியுடன் விடுமுறை தரவேண்டும் என்று 1996 முதல் சட்டம் இருக்கிறது. பேருந்துச் செலவையும் பயணத்தில் போகும் மறுநாளையும் அந்தச் சட்டம் அறியாது. வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2023இல் கட்சிகளுக்குக் காட்ட அழைத்தது. எதிர்க்கட்சிகள் ஐயம் எழுப்பின. அந்த ஐயங்கள் நியாயமானவையே. ஆயினும் அவற்றுக்கு விடை காண்பதே சீர்திருத்தத்தின் முதல் வேலையாக இருக்கவேண்டும்.

என் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தேர்தலில் நான் வாக்களிக்கவில்லை. அஞ்சல் வாக்குக்காகப் பயிற்சி வகுப்பில் தரவேண்டிய படிவத்தை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனேன். எண்ணூறு பேருக்கு மேல் வாக்களிக்க வைத்தவன், வராதவர் கணக்கில் ஒருவனாகச் சேர்ந்தேன். என்னைப் பொறுப்பற்றவன் என்று எந்த ஆசிரியர் அறையிலும் யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விழுக்காடு என்பது பின்னம். மேலெண் கூடாமலே கீழெண் குறைந்தால் விழுக்காடு உயரும். 2025 நவம்பரில் தமிழகத்தில் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. இறந்தவரையும் இரட்டைப் பதிவையும் நீக்குவது தேவைதான். ஆனால் திருப்பூருக்குப் போன மகன் வீட்டில் இல்லை என்பதால் பட்டியலிலும் இல்லை என்று ஆகிவிட்டால், விழுக்காடு அழகாக உயரும்; ஒரு வாக்குகூடக் கூடியிராது. உயர்ந்த எண்ணைக் கண்டு மகிழும் முன், கீழே என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது.

அரசும் தன் வரவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகர்மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் வந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. ஐந்தாண்டுக்கும் மேலாக வாக்காளர் காத்திருந்தார், தேர்தல்தான் வரவில்லை. அன்று தமிழக நகர்ப்புறங்களில் 60 விழுக்காட்டினரும், சென்னையில் 43 விழுக்காட்டினரும் வாக்களித்தபோது, மக்களுக்கு அக்கறையில்லை என்று பலர் எழுதினர். சாக்கடைக்கும் குடிநீருக்கும் யாரைக் கேட்பதென்று தெரியாமல் அத்தனை ஆண்டுகள் தனி அலுவலர் ஆட்சியில் பழகிய ஒருவர், திடீரென்று ஒரு ஞாயமான ஆர்வத்தோடு வரிசையில் வந்து நிற்பார் என்று நாம் எப்படி எதிர்பார்த்தோம்?

வண்ணப் பெட்டியும், சின்னமும், பெயர் கேட்டு வீடு வீடாக நடந்த கணக்கெடுப்பும் அரசு வாக்காளரைத் தேடிப் போன வழிகள். 1952இலும் 1967இலும் தோல்விகளை ஏற்ற தலைவர்கள், அந்த வழியில் வந்தவருக்கு மதிப்பு உண்டென்று காட்டினார்கள். இவ்விரண்டும் இருந்தபோது மக்கள் வந்திருக்கிறார்கள். இனியும் வருவார்கள். அடுத்த முறை தேர்தல் பணிக்குப் போகும்போது என் படிவத்தை மறக்காமல் எடுத்துச் செல்வேன். அந்த மூதாட்டியின் கேள்விக்கு மட்டும், முடியாது என்பதைத் தவிர வேறொரு விடையை யாராவது என் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.