அன்னபூரணி விலைபோன கதை

ஜெகதளாவில் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி தன் பசுந்தேயிலைக்குத் தானே விலை சொல்வதில்லை. வாங்குகிறவர் சொல்வதே விலை. இந்த மலையில் இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பதாலோ என்னவோ, வல்வெட்டித்துறைக் கப்பலான அன்னபூரணியின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அதன் விலைபேசிய நாளே முதலில் என் நினைவில் எழுகிறது. அது அமெரிக்கா சென்றதைப் பலரும் பெருமிதத்தோடு எழுதியிருக்கிறார்கள். விற்கப்பட்டதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

வேம்பும் இலுப்பையும் கொண்டு யாழ்ப்பாணத்தின் வடகரையில் மேத்திரிமார் கட்டிய 89 அடிக் கப்பல் அது. இரண்டு பாய்மரங்கள், முன்மரத்தில் குறுக்குப் பாய்கள். மேலைநாட்டார் பிரிகண்டைன் என்றழைக்கும் வகை. வல்வெட்டித்துறைக் கப்பல்கள் நாகப்பட்டினம், காக்கிநாடா, ரங்கூன் என்று வங்கக் கடல் முழுவதும் அரிசியும் தேக்கும் ஏற்றி உழைத்தவை. இத்தகைய கப்பலுக்கு விலை வைப்பது வணிகனுக்கு எளிய கணக்கு. எத்தனை மூட்டை கொள்ளும், மரம் இன்னும் எத்தனை பருவம் தாங்கும், பாயும் கயிறும் எந்நிலையில் உள்ளன என்பவையே கேள்விகள். நீராவிக் கப்பல்கள் சரக்கைப் பறித்துக்கொண்ட 1930களில் அந்தக் கணக்கின் விடை விற்பவனுக்கு உவப்பானதாக இருந்திருக்க வழியில்லை.

வாங்கியவரின் கணக்கோ வேறு. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், 32 அடிப் படகான 'ஸ்வாப்'பில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர். மூட்டைக் கணக்கு அவருக்கு எதற்கு? மேற்குலகின் துறைமுகங்களிலிருந்து மறைந்துகொண்டிருந்த குறுக்குப் பாய்க் கப்பலொன்று, பழுதில்லாமல், கடலோடும் நிலையில் அவர் கண்ணெதிரே நின்றது. அமெரிக்காவில் அப்படியொன்றைப் புதிதாகக் கட்டச் சொல்லியிருந்தால் தச்சுக்கூலியே மலைக்க வைத்திருக்கும். ஒரே மரக்கலம் ஒருவருக்குப் பழைய சரக்குக் கப்பலாகவும் மற்றவருக்கு அரும்பொருளாகவும் தெரிந்தது. இவ்விரு மதிப்புகளுக்கும் இடைப்பட்ட தொகை கட்டியவர்களின் கைக்கு வந்திருக்காது என்பதே என் எண்ணம். மனைவியின் பெயரை இட்டு, கப்பலை 'பிளாரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார் ராபின்சன்.

ஆனால் கப்பலை வாங்கினால் போதுமா? ஓட்டத் தெரிந்த கைகளும் உடன் போக வேண்டியிருந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவரோடு வல்வெட்டித்துறை மாலுமிகள் சிலரும் ஏறினார்கள். 1937இல் புறப்பட்ட கப்பல் சூயஸ் கடந்து, மத்தியதரைக் கடல் வழியே ஜிப்ரால்டர் தாண்டி, பெர்முடாவைத் தொட்டு, கேப்டன் டொனால்ட் மக்கூஷின் தலைமையில் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையை அடைந்தது. அது மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்குப் பேர்போன ஊர். வந்து சேர்ந்தவர்களின் தொழிலை அறிந்த ஊர்.

அதே ஆண்டு அக்டோபரில் அந்தக் கடற்பகுதியில், கனடாவின் புளூநோஸ் தன் கடைசிப் பந்தயத்தை வென்றது. அதன் விற்பனை நேர் எதிர்த்திசையில் நடந்தது. புகழின் உச்சியில் இருந்த அந்தக் கப்பல் 1942இல் மேற்கிந்தியத் தீவுகளின் சரக்கு வணிகத்திற்கு விலைபோய், 1946 ஜனவரியில் ஹெய்டியருகே பவளப்பாறையில் மோதி அழிந்தது. பந்தயக் கோப்பைகளை மூட்டைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

வல்வெட்டித்துறையார் இன்றும் தங்கள் கப்பலை அன்னபூரணியம்மாள் என்றே சொல்கிறார்கள். பெயரையும் சேர்த்துத்தான் விற்றோம் என்று அங்கே எவரும் ஒப்புக்கொள்வதாகத் தெரியவில்லை.