குழாய் போன வழி

அந்தக் குழாய் இதயத்துக்காகச் செய்யப்பட்டது அல்ல. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் நாளத்துக்குள் விட்டுப் பார்க்கச் செய்தது. ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. 1929 கோடையில், பெர்லினுக்கு வடகிழக்கே எபர்ஸ்வால்ட என்ற சிற்றூரின் மருத்துவமனையில், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் பயிற்சி மருத்துவர் அதில் எண்ணெய் தடவி, தன் இடது முழங்கை மடிப்பில் கீறித் திறந்த சிரைக்குள் விட்டார். 65 சென்டிமீட்டர் உள்ளே போனது.

தலைமை மருத்துவர் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். கருவிகள் செவிலியர் கெர்டா டிட்சனின் பொறுப்பில் இருந்தன. அவரிடம் பேசிப் பேசி மனதை மாற்றியதில், சோதனையை என் மேலேயே செய்துகொள்ளுங்கள் என்று அந்த அம்மாள் முன்வந்துவிட்டார். ஃபோர்ஸ்மன் சரி என்று தலையாட்டி, அவரை அறுவை மேசையில் படுக்கவைத்துக் கட்டிப்போட்டுவிட்டு, அவர் கண்ணில் படாமல் தன் கையை மரத்துப்போகச் செய்து கீறிக்கொண்டார். டிட்சனுக்கு விஷயம் புரிந்தபோது குழாய் உள்ளே போயாயிற்று. கட்டை அவிழ்த்ததும் இருவரும் எக்ஸ்ரே அறைக்கு நடந்தார்கள், ஃபோர்ஸ்மன் கையில் குழாய் தொங்கத் தொங்க. எதிரே பிடித்த கண்ணாடியில் ஒளிர்திரையைப் பார்த்தபடி மீதியையும் தள்ளினார். நுனி இதயத்தின் வலது ஆரிக்கிளில் நின்றது. படமும் எடுத்தாயிற்று.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் அவருடைய துணிச்சலைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிட அந்தச் சிரை பெரிதாகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத பாதையில் ஒரு குழாயைத் தள்ளிக்கொண்டே போனால் அது எப்படி நேராக இதயத்தில் போய் நிற்கும்? எங்கும் முட்டாமல், வலி இல்லாமல், ரத்தம் பீறிடாமல்?

பதிலில் பாதியை 1628-லேயே வில்லியம் ஹார்வி அச்சிட்டுவிட்டார். பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது மேல்கையில் பட்டை கட்டுவார்கள் அல்லவா, அப்போது முன்கையைப் பாருங்கள். புடைத்த நரம்பு என்று நாம் சொல்வது சிரைதான். அதில் அங்கங்கே சின்ன முடிச்சுபோலத் தெரியும் இடங்கள் வால்வுகள். ஒரு விரலால் சிரையை ஓரிடத்தில் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை நீவி விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள துண்டு தட்டையாகிவிடும். மேலே இருக்கும் ரத்தம் கீழே வராது. முதல் விரலை எடுத்த கணம் கீழிருந்து ரத்தம் வந்து நிரப்பிவிடும். போக்கு ஒரே திசையில்தான். அந்த வால்வுகள் இதயத்தை நோக்கி மட்டும் திறக்கும். ஃபோர்ஸ்மனின் குழாயும் அதே திசையில் போனதால் ஒவ்வொரு வால்வும் வழி விட்டது. எதிர்த்திசையில் தள்ளியிருந்தால் முதல் முடிச்சிலேயே இடித்திருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. வாய்க்கால்கள் கூடி ஆறாவதுபோல, சிரைகள் போகப்போக ஒன்றோடொன்று சேர்ந்து அகலமாகின்றன, பிரிவதில்லை. முழங்கைச் சிரை அக்குள் வழியாகக் காறையெலும்புக்குக் கீழே நுழைந்து, மேற்பெருஞ்சிரையில் கலந்து, வலது ஆரிக்கிளில் கொட்டுகிறது. தடம் மாற அதிக வாய்ப்புள்ள இடம், கழுத்துச் சிரை வந்து சேரும் முனை. அங்கே குழாய் தலைப்பக்கம் திரும்பிவிடுவது இன்றைக்கும் நடப்பதுதான்.

அழுத்தமும் ஃபோர்ஸ்மன் பக்கம் இருந்தது. கைச் சிரையில் 10 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தொட்டால் அதிகம். ஆரிக்கிளை நெருங்கும்போது கிட்டத்தட்டப் பூஜ்யம். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் இன்னும் இறங்கும், சிரை ரத்தம் அதனால் உள்ளே இழுக்கப்படும். நம் உடம்பில் உள்ள ஐந்து லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரத்திலும் இந்த மெல்லிய சுவர்ச் சிரைகளில்தான் தங்கியிருக்கிறது. உட்சுவரில் வலி தெரிவதில்லை. லேசான வெதுவெதுப்பை மட்டும் உணர்ந்ததாக ஃபோர்ஸ்மன் எழுதினார்.

தமனியைத் தேர்ந்தெடுத்திருந்தால் கதை வேறு. இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு பெண்குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழலைச் செருகி, அதோடு நெட்டுக்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாயை இணைத்தார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறி, துடிப்புக்குத் துடிப்பு மேலும் கீழும் ஆடியது. 1733-இல் அவர் வெளியிட்ட இந்தக் கணக்குதான் ரத்த அழுத்தத்தின் முதல் அளவு. 1861-இல் பிரான்சில் ஷோவோவும் மாரேயும் இதயத்துக்குள் குழாய் விடக் குதிரையின் கழுத்துச் சிரையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சோதனையின் படத்தைப் புத்தகத்தில் பார்த்துத்தான் ஃபோர்ஸ்மனுக்கு யோசனை வந்தது.

அவருக்குக் கிடைத்த பரிசு வேலை நீக்கம். 1929 நவம்பரில் கட்டுரை வெளிவந்ததும் பெர்லினின் பெரிய மருத்துவமனையில் அவருக்கு இடமில்லாமல் போனது. கடைசியில் சிறுநீரக மருத்துவராகி, குழாய் எந்தத் துறையிலிருந்து வந்ததோ அந்தத் துறைக்கே போய்ச் சேர்ந்தார். 1932-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது. துணிச்சலும் நல்லறிவும் எப்போதும் ஒரே ஆளிடம் இருப்பதில்லை.

குழாய் மட்டும் நியூயார்க் போயிற்று. 1940-களில் பெல்வியூ மருத்துவமனையில் ஆண்ட்ரே கூர்னானும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் அதை அளவுகோலாக்கினார்கள். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று கணக்குப் பார்க்க அடோல்ஃப் ஃபிக் 1870-லேயே வழி சொல்லியிருந்தார். உடம்பு நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமனி ரத்தத்தில் லிட்டருக்கு 200 மில்லிலிட்டர் ஆக்சிஜன், திரும்பி வரும் ரத்தத்தில் 150. அப்படியானால் ஒவ்வொரு லிட்டரும் 50-ஐ இறக்கிவிட்டு வருகிறது. 250-க்கு ஐந்து லிட்டர் வேண்டும். உடம்பிலுள்ள மொத்த ரத்தமும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது என்று பொருள். ஆனால் கையிலிருந்து எடுக்கும் சிரை ரத்தம் இந்தக் கணக்குக்கு உதவாது, அது கையின் ரத்தம் மட்டும்தான். மூளை, ஈரல், கால் எல்லாவற்றின் மிச்சமும் கலந்த ரத்தம் இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்தால்தான் கிடைக்கும். குழாயின் நுனியால் அங்கே போக முடிந்தது. 1956-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது ஃபோர்ஸ்மன் ஒரு சிறு ஜெர்மானிய நகரத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலது ஆரிக்கிளோடு குழாய் நிற்கவில்லை. கலிபோர்னியாவில் ஜெரமி ஸ்வான் சான்டா மோனிகா கடற்கரையில் காற்றில் போகும் பாய்மரப் படகுகளைப் பார்த்து, குழாயின் நுனிக்கும் ஒரு பாய் கட்டினால் என்ன என்று யோசித்தார். வில்லியம் கான்ஸோடு சேர்ந்து 1970-இல் அவர் வெளியிட்ட குழாயின் நுனியில் ஒரு குட்டி பலூன். அதை ஊதிவிட்டால் தள்ளவே வேண்டாம், ரத்த ஓட்டமே இழுத்துப் போகும். போகிற இடத்தை எக்ஸ்ரே இல்லாமல் அழுத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஆரிக்கிளில் ஒற்றை இலக்கம். வலது வெண்ட்ரிக்கிளில் நுழைந்ததும் அலை 25-க்கு எகிறி, அடுத்த நொடியே பூஜ்யத்துக்கருகில் விழும். நுரையீரல் தமனிக்குள் போனதும் மேல் அளவு அதே 25, கீழ் அளவு மட்டும் 10-ல் நின்றுவிடும், பின்னால் வால்வு மூடிக்கொள்வதால்.

அங்கிருந்து கிளைகள் சிறுத்துக்கொண்டே போக, பலூன் ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும். அதற்கு அப்பால் தந்துகிகள். சிவப்பணுக்களே உடம்பை வளைத்துக்கொண்டு ஒற்றை வரிசையில் நுழையும் சந்துகள் அவை. 1661-இல் மால்பீஜி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வைத்துப் பார்க்கும்வரை, தமனி முடிந்து சிரை தொடங்கும் இடம் எது என்பதை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஹார்விகூட அனுமானத்தில்தான் சொன்னார். குழாய் அந்தச் சந்தைக் கடக்க முடியாது. ஆனால் பலூன் அடைத்ததும் அதற்கு முன்னால் உள்ள ரத்தம் அசையாமல் நின்றுவிடும், நின்ற ரத்தத்தின் வழியே எதிர்ப்பக்கத்து அழுத்தம் வந்து சேரும். இதயத்தின் இடது ஆரிக்கிளில் என்ன அழுத்தம் என்பது, அந்தப் பக்கம் போகாமலேயே தெரிந்துவிடுகிறது. இந்தக் குழாயின் வரலாற்றிலேயே மிக நேர்த்தியான யோசனை இதுதான் என்பேன்.

இடப்பக்கம் நேரிலேயே போக வேண்டுமென்றால் தமனியில்தான் இறங்க வேண்டும். ஸ்வீடனில் செல்டிங்கர் 1953-இல் எளிய வழி கண்டார்: ஊசியால் குத்து, ஊசிக்குள் மெல்லிய கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பியின் மேல் குழாயைச் செலுத்து. கீறல் தேவையில்லை. தொடையிலிருந்து மேலே போகும்போது இங்கேயும் கிளைகள் ஒன்றுசேர்ந்துகொண்டே வரும், பாதை தவறுவது குறைவு. ஓட்டம்தான் எதிரில் வரும்.

பெருந்தமனி தொடங்கும் இடத்தில், வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு சிறு வாய்கள். இதயம் தனக்காக வைத்துக்கொண்ட கரோனரி தமனிகள். அவற்றுக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்தினால் ஆள் பிழைக்க மாட்டார் என்று எல்லாரும் நம்பினார்கள். 1958-இல் கிளீவ்லண்டில் மேசன் சோன்ஸ் பெருந்தமனியில் மருந்து செலுத்தக் காத்திருந்தபோது குழாய் நழுவி ஒரு வாய்க்குள் போய்விட, மருந்து முழுக்க உள்ளே பாய்ந்தது. நோயாளியின் இதயம் நின்றது. சோன்ஸ் அவரை இருமச் சொன்னார். இருமலில் நெஞ்சுக்கூட்டின் அழுத்தம் ஏறி மருந்தைக் கரோனரியிலிருந்து தள்ளிவிட, துடிப்பு திரும்பியது. இன்று காப்பிக்கடையில்கூட அடிபடும் ஆஞ்சியோகிராம் இந்த விபத்தின் வாரிசு.

பார்க்க முடிந்தால் திறக்கவும் தோன்றும். 1964-இல் சார்லஸ் டாட்டர் ஓர் 82 வயது மூதாட்டியின் காலை அகற்றவிடாமல், சுருங்கிய தமனிக்குள் ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களைச் செலுத்தி வழி அகலப்படுத்தினார். கரோனரியில் அதைச் செய்தவர் ஆண்ட்ரியாஸ் கிருன்ட்சிக். சூரிச்சில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் நீள்வடிவ பலூன்களை ஒட்டிப் பார்த்தவர், 1977 செப்டம்பர் 16 அன்று 38 வயது நோயாளி ஒருவரின் அடைப்பில் ஒன்றை ஊதினார். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது. எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. தமனிச் சுவரில் தசையும் மீள்தன்மையும் உண்டு, விரித்தது மறுபடி சுருங்கும். அதைத் தாங்கிப் பிடிக்க 1986-இல் கம்பிவலைக் குழல்களான முதல் ஸ்டென்டுகள் வந்தன, துலூஸில் ழாக் புயெல், லோசானில் உல்ரிச் சிக்வார்ட் கைகளால்.

இப்போது பலருக்கும் குழாய் மணிக்கட்டில் நுழைகிறது. நாடி பார்க்கும் அதே தமனிதான், எலும்பின் மேல் கிடப்பதால் அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும். உள்ளங்கைக்கு இன்னொரு தமனியும் சுண்டுவிரல் பக்கமாக வந்து சேருவதால் ஒன்று அடைபட்டாலும் கை பிழைக்கும். கையை மூடி, இரண்டு தமனிகளையும் அழுத்தி, வெளுத்த உள்ளங்கையை விரித்து, ஒன்றை மட்டும் விட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனையின் மூல வடிவத்தை எட்கர் ஆலன் வெளியிட்டதும் 1929-லேயே. ஆனால் இந்தத் தமனி கோபக்காரத் தமனி. தொட்டால் இறுகும். தளர்த்தும் மருந்து கொடுத்துத்தான் உள்ளே போவார்கள்.

குழாய் வழியாக வால்வையும் கொண்டுபோக முடிந்தது. பிரான்சின் ரூவென் நகரில் 2002 ஏப்ரலில் அலென் கிரிபியேயிடம் வந்த 57 வயதுக்காரரின் பெருந்தமனி வால்வு கல்லாக இறுகியிருந்தது. கால் தமனிகளும் அடைபட்டிருந்ததால் அந்த வழியும் இல்லை. கிரிபியே தொடைச் சிரையில் இறங்கி வலது ஆரிக்கிளுக்குப் போனார். இரண்டு ஆரிக்கிள்களுக்கும் நடுச்சுவரில் ஒரு மெல்லிய இடம் உண்டு. கருவில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லாததால் ரத்தம் அதன் வழியாகத்தான் இடப்பக்கம் தாண்டும், பிறந்தபின் மூடிக்கொள்ளும். அந்த இடத்தைத் துளைத்து, இடது வெண்ட்ரிக்கிள் வழியாக ஓட்டத்தோடு போய், மடித்துவைத்த புது வால்வை பலூனால் விரித்துப் பழையதன் உள்ளேயே பொருத்தினார். அந்த நோயாளி சுமார் நான்கு மாதம் உயிரோடிருந்தார், இறப்புக்குக் காரணம் இதயம் அல்ல. இப்போது இந்த வால்வுகள் பெரும்பாலும் தொடைத் தமனி வழியாக, ஓட்டத்துக்கு எதிராகவே போகின்றன. தமனி இடம் கொடுக்காதவர்களுக்குக் கழுத்துப் பக்கமோ தோள் பக்கமோ வழி பார்க்கிறார்கள்.