80ஜியும் 96 ஆடும்

மார்ச் வந்தா ஆபீஸ்ல நன்கொடை ரசீது தேடுற படலம். சில வருஷம் முன்னாடி ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் பணம் அனுப்பினேன். ரசீதுல 80ஜின்னு போட்டிருந்துச்சு, அதுவே போதும்னு இருந்துட்டேன். அப்புறம் அம்மாதான், "அங்க பசங்களுக்கு ஒழுங்கா சோறு போடுறாங்களாடா?"ன்னு கேட்டாங்க. பதில் இல்லை. 80ஜி நமக்கு வரிச்சலுகை உண்டுன்னு சொல்ற முத்திரை. 2021-22ல இருந்து யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு அமைப்புகள் வரித்துறைக்குக் கணக்கு காட்டணும்னும் ஆக்கினாங்க. நல்லதுதான். ஆனா சோறு?

சோழர் காலத்துல இதையே வேற மாதிரி யோசிச்சிருக்காங்க. கோயில்ல ஒரு நந்தா விளக்கு எரிக்கணும்னா வழக்கமா 96 ஆடு. அதை வாங்கிக்கிற இடையர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்கணும். 'சாவா மூவாப் பேராடு'ன்னு அதுக்குப் பேரு. ஆடு செத்தா குட்டியை வெச்சு எண்ணிக்கையைச் சரிக்கட்டணும், சாக்கு சொல்ல முடியாது! கொடுத்தவர் பேரு, வாங்கினவர் பேரு, நெய் அளவு எல்லாம் சுவத்துல கல்வெட்டா இருக்கும். கடைசியில சிவன் கோயில்னா பன்மாகேசுவரர் காவல், பெருமாள் கோயில்னா ஸ்ரீவைஷ்ணவர் காவல்னு முடியும். அந்தக் காலத்து 80ஜி. ஆனா இது காவல் காக்க வேண்டிய ஆளைச் சொல்லுது பாருங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது காஞ்சிபுரம் சமாச்சாரம். உத்தம சோழனோட செப்பேடு ஒண்ணு எழும்பூர் மியூசியத்துல இருக்கு. பத்தாம் நூற்றாண்டுக் கடைசி. ஊரகம், அதாவது இன்னைக்கு உலகளந்த பெருமாள் கோயில், அதோட கட்டளைகளைப் பத்தினது. கோயில் பொன்னை வட்டிக்கு வாங்கி, அந்த வட்டியில பூஜை, திருவிழா நடக்க வேண்டியவங்க ஊர்ச் சேரிக்காரங்க. கோயில் காரியத்தைப் பார்த்துக்கிட்டவங்க பட்டசாலிகள், நெசவாளருங்க! வருஷம் முடிஞ்சதும் கோயில் கணக்கை ஊர் வாரியத்தாரும் சேரிக்காரங்களும் உட்கார்ந்து பார்க்கணும்னும் எழுதியிருக்கு. இத்தனைக்கும் அந்தச் செப்பேட்டுல ராஜாவோட புலி முத்திரையே இருக்கு. அதுக்கப்புறமும் வருஷா வருஷம் தணிக்கை.

ராஜா ரொம்ப நல்லவர்னு இதை வெச்சு நான் சொல்ல வரலை. யாரும் ஏமாத்தலைன்னும் சொல்லலை; ஏமாத்துவாங்கன்னு தெரிஞ்சவன்தான் இப்படி எழுதுவான். கணக்கு பார்க்கிறவன் அதே தெருவுல இருக்கான், விளக்கு எரியலைன்னா சாயங்காலமே தெரிஞ்சுடும். நம்ம விஷயத்துல கொடுக்கிறவன் பெங்களூர்ல, இல்லம் எங்கேயோ.

இந்த வருஷம் ரசீதோட ஒரு மாச அரிசி பில்லும் அனுப்புங்கன்னு கேட்டேன். 80ஜி நகலை இன்னொரு தடவை அனுப்பி வெச்சாங்க.